ஆற்றுக்கு இந்தப் பக்கம்

"இன்னொரு தடவை படிங்க" என்றார் பெரியவர்.

ஏட்டு படித்தார். பிரேதத்தை நல்லபடி பெற்றுக்கொண்டேன் என்று எழுதியிருந்ததாம்.

ஏட்டு படித்தால் போதாது. வேறு ஆள் படிக்கட்டும் என்று நின்றார். டீக்கடைக்காரரைக் கூப்பிட்டு வர இருபது நிமிஷம் ஆனது. அவரும் அதையேதான் படித்தார்.

பிறகுதான் பெரியவர் இடது கட்டைவிரலை ஊதா மைக்கு நீட்டினார்.

மகனை வாங்கிக்கொண்டதற்கு ரசீது.

பிணவறை வாசலில் கடல் காற்று அடித்தது. ஊரிலிருந்து எழுபத்துநாலு கிலோமீட்டர். இருபத்தொன்பது வயதில் தெய்வீகன் ஒரு தடவைகூடக் கடலைப் பார்த்ததில்லை.

காலையில் மோட்டார் கொட்டகையில் ஈரக்கையோடு சுவிட்சைத் தொட்டிருக்கிறான். அங்கேயே முடிந்தது. கரண்ட் சாவு என்றால் அறுத்துப் பார்த்துத்தான் கொடுப்பார்கள். அறுப்பது அந்தந்த மாவட்டத்துப் பெரிய ஆஸ்பத்திரியில்.

அந்தக் கொட்டகையில் நின்று மேற்கே பார்த்தால், அக்கரையில் இன்னொரு பெரிய ஆஸ்பத்திரியின் தண்ணீர்த் தொட்டி தெரியும். பாலம் தாண்டினால் பத்து நிமிஷம்.

அது வேறு மாவட்டம்.

"பொழுதுக்குள்ள போயிடலாமா மாமா?" என்றான் மச்சினன் பாவாடை. "அக்கா காலைலேருந்து தெருவுலயே குந்திக்கினு இருக்குதாம்."

அவர் வானத்தைப் பார்த்தார்.

அறுத்த பிணத்தை அவர்கள் ஊரில் வாசற்படி ஏற்றமாட்டார்கள். வெளிச்சம் இருந்தால் தெருவில் கிடத்துவார்கள். தாய் முகம் பார்க்கலாம். பொழுது சாய்ந்துவிட்டால் அதுவும் இல்லை. வண்டி நேரே இடுகாட்டுக்கு.

இடுகாட்டுக்குப் பெண்கள் வரக்கூடாது.

வண்டி கிளம்பியது. அவர் பையன் காலடியில் உட்கார்ந்துகொண்டார்.

அவருடைய அப்பா காலத்தில் மலையிலிருந்து கடல் வரைக்கும் ஒரே மாவட்டம். கலெக்டர் கடலோரத்தில் இருந்தார். பார்க்கணும் என்றால் முதல் நாளே கட்டுச்சோறு கட்டிக்கொண்டு போகணும்.

பிறகு வடக்கைத் தனியாக வெட்டினார்கள். அவர் பட்டாக் கட்டு தவறி வடக்கத்தி மூட்டையோடு போய்விட்டது. அங்கே கேட்டால் இங்கே என்றான். இங்கே கேட்டால் அங்கே என்றான். பதினோரு வருசம் அலைந்தார். நிலம் அவர் காலடியில், காகிதம் எவன் பீரோவிலோ.

ஏழு வருசத்துக்கு முன்னால் மேற்கை வெட்டினார்கள். ஆறுதான் கோடு. கரையோரத்து ஊர்களெல்லாம் எந்தப் பக்கம் என்று கிராமசபை கூட்டித் தீர்மானம் போட்டுக் கொடுங்கள் என்றார்கள்.

அவர்தான் முதலில் எழுந்தார்.

"கோடு போடறவனுக்கு ஒரு நாள் வேலை. மூட்டை மாறிப்போனா நமக்கு ஒரு ஆயுசு. கெடக்கற எடத்துலயே கெடப்போம்."

ஊர் தலையாட்டியது. அடிபட்டவன் பேச்சுக்கு மதிப்பு உண்டு.

புதுசுக்குப் போகலாம் என்கிறவர்கள் கை தூக்குங்கள் என்றபோது, பெண்கள் பக்கத்திலிருந்து ஒரே ஒரு கை எழுந்தது. அஞ்சலாட்சி. அவர் பெண்டாட்டி.

"பாலம் தாண்டினா ஆபீசு, ஆஸ்பத்திரி எல்லாம் இருக்குது. எம்புருசனுக்கு மட்டும் கடக் காத்துதான் வேணுமாம்!"

கூட்டம் சிரித்தது.

அவர் பெண்கள் பக்கம் நடந்துபோனார். அந்தக் கையைப் பிடித்து இறக்கினார். விளையாட்டுக்கு இல்லை. வளையல் ஒன்று உடைந்தது.

தீர்மானத்தில் முதல் கைநாட்டு அவருடையது. இதே விரல்.

வழியில் ரயில்வே கேட்டில் நின்றார்கள். சரக்கு வண்டி. பெட்டிகளை எண்ண ஆரம்பித்து, விட்டுவிட்டார். வெயில் பையன் மேல் மூடியிருந்த வெள்ளைத் துணியில் விழுந்துகொண்டிருந்தது. முதலில் மார்பில் கிடந்தது. அப்புறம் முழங்காலுக்கு வந்தது.

டீக்கடைக்காரருக்காக நின்ற இருபது நிமிஷம் நெஞ்சில் வந்து உட்கார்ந்துகொண்டது.

பாவாடை அந்த வெயிலையே பார்த்துக்கொண்டிருந்தான். திட்டியிருந்தால் தேவலாம்.

ஊர் ரோட்டில் திரும்பும்போது சூரியன் அக்கரைத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போயிருந்தது. வானத்தில் கொஞ்சம் சிவப்பு பாக்கி. அதை எவனும் கணக்கில் எடுக்கமாட்டான்.

ஊர் முனையில் ஆம்பிளைகள் நின்றிருந்தார்கள். நாட்டாமை துண்டை வீசினார்.

"பொழுது போயிடுச்சி! நேரா காட்டுக்கு உடு!"

டிரைவர் வண்டியை ஒடித்தான். ஒடித்தவன் பிரேக்கை மிதித்தான்.

இடுகாட்டுப் பாதையின் நடுவில் அஞ்சலாட்சி நின்றாள். ஹாரன் அடித்தான். நகரவில்லை.

வலது கையைத் தூக்கினாள்.

"யோவ், ஒம் பொண்டாட்டிய ஓரமா இழுய்யா!" என்றார் நாட்டாமை.

அவர் இறங்கினார்.

இழுப்பார் என்றுதான் எல்லாரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஏழு வருசத்துக்கு முன்னால் பார்த்தவர்கள்தானே.

அவர் வண்டியின் பின்பக்கம் போனார். இரண்டு கதவையும் அகலத் திறந்தார். துணியை முகத்திலிருந்து விலக்கினார். வெள்ளைத் துணியில் ஊதா மை ஒட்டிக்கொண்டது.

பிறகு ஒதுங்கி நின்றார்.

வண்டியின் அந்தப் பக்கம், அஞ்சலாட்சி இன்னும் கையை இறக்கவில்லை.