கூடுதல் வருகை

அப்பாவின் வருகைப் பதிவில் நாற்பத்து மூன்று நாள்கள் கூடுதலாக இருந்தன. அவர் வெளிநாட்டில் ஒரு தொழிற்சாலையில் வெல்டராக இருந்தார். ஜூன் இரண்டாம் தேதி வேலையிடத்திலேயே இறந்தார். ஐந்தாம் தேதி பெட்டி வந்தது. அன்றே அடக்கம் செய்தோம். ஆனால் ஜூலை பதினைந்து வரை, விடுமுறை நாள்கள் உட்பட, தினமும் காலை 5.52-க்கு அவருடைய கைரேகை பதிவாகியிருந்தது. பெட்டி வந்த அன்றும் பதிவாகியிருந்தது.

அந்தத் தொழிற்சாலையின் பென்ஷனைக் கவனிக்கும் எங்கள் ஊர் அலுவலகத்தின் குமாஸ்தா தாள்களை இரண்டு முறை எண்ணிப் பார்த்தார்.

"பத்து வருஷ சர்வீஸ் இருந்தாத்தான் மனைவிக்கு பென்ஷன். இது சரியா பத்து வருஷம். கூடவும் இல்ல, குறையவும் இல்ல. மெஷின் கோளாறா இருக்கும். நல்லதாப் போச்சு, கையெழுத்துப் போடுங்கம்மா."

"வேற யாராவது விரல் வச்சிருப்பாங்களா சார்?" என்று கேட்டேன்.

"வேற விரலை அது ஏத்துக்காதும்மா. ஒருநாள்கூட லேட் இல்ல பாரு உங்கப்பா. இந்த ஆபீஸ்ல உயிரோட இருக்கறவங்களே இப்படி வரமாட்டாங்க."

சிரிக்க ஆரம்பித்தவர், அம்மாவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். அம்மா பேனாவை மூடிவிட்டாள்.

"போடும்மா, உன் உரிமைதானே" என்றேன்.

அம்மா என்னைப் பார்க்கவில்லை. குமாஸ்தாவிடம்தான் சொன்னாள்.

"இறந்த அன்னிக்குக் காலையில போன் பண்ணாரு சார். நெஞ்சு வலிக்குது, வந்துடட்டுமான்னு கேட்டாரு. பத்து வருஷத்த முடிச்சுட்டே வாங்கன்னு நான்தான் சொன்னேன்."