இடம் மாறும் மலை

நூறு பேர் மூடுபனியில் மலை ஏறுகிறார்கள். எல்லோரும் ஒருவழியாக உச்சிக்குப் போய்ச் சேர்ந்ததும், உச்சி வேறு இடத்துக்கு நகர்ந்துவிடுகிறது. புது உச்சியை முதலில் கண்டுபிடிப்பவர் யார்?

மாரிபோர் நகரப் பள்ளியின் கணினி மன்றத்தில் ததேயா இந்தக் கேள்வியைப் போட்டார். பல்கலைக்கழகத்தில் அவருடைய ஆராய்ச்சியே இதுதான். சனிக்கிழமைகளில் பள்ளிக்கு வந்து பிள்ளைகளுக்குச் சொல்லித்தருவார்.

"வேகமா ஓடுறவன்தான் டீச்சர்," என்றான் தீலென், வாய் நிறைய டோனட்டோடு.

"பாத்துடலாம்."

திரையில் ஒரு மலை. அதில் தீலெனின் சிவப்பு எறும்புகள், ததேயாவின் மகள் நேஜாவின் நீல எறும்புகள். ஒவ்வொரு சுற்றிலும் உயரத்தில் நிற்பவற்றுக்கு அருகிலேயே குட்டிகள் பிறக்கும். தாழ்வில் நிற்பவை அழியும். நேஜா மட்டும் ஒரு விதி சேர்த்திருந்தாள்: கொஞ்சம் எறும்புகள் அழியாமல் எங்கே வேண்டுமானாலும் திரியலாம்.

சிவப்பு முழுவதும் உச்சியில் குவிந்தது.

"நேஜா, உன் ஆளுங்க சில பேர் அடிவாரத்துல ஆடு மேய்க்கிறாங்க போல."

"மேய்க்கட்டும். உனக்கென்ன வந்துச்சு?"

ததேயா பொத்தானை அழுத்தினார். மலை நகர்ந்தது. சிவப்புக் கூட்டம் வெறும் தரையில் நின்றது. எந்தப் பக்கம் போவது என்று ஒன்றுக்கும் தெரியவில்லை. திரிந்துகொண்டிருந்த ஒரு நீல எறும்பு மட்டும் புது மலையின் சரிவில் இருந்தது. சற்று நேரத்தில் அந்த உச்சி நீலமானது.

"இது போங்கு டீச்சர்."

"போங்கு இல்லடா. எல்லாரும் ஒரே மாதிரி ஆயிட்டா, மலை நகர்ந்ததும் கதை முடிஞ்சுது. இன்னைக்கு உதவலைன்னு யாரையும் தள்ளிடக் கூடாது."

பிறகு அறிவித்தார்: "தலைநகர் லியுப்லியானாவுல நடக்கற கணினிப் போட்டிக்கு ரெண்டு பேர் போகலாம். ஜெயிச்ச நேஜா போறா. இன்னொருத்தரை அவளே எடுக்கலாம்."

கடைசி வரிசையில் யெர்னேய் நிமிர்ந்து உட்கார்ந்தான். போன வருஷமும் அந்தப் போட்டிக்குப் போகக் கேட்டு, வாய்ப்புக் கிடைக்காதவன். பேருந்துக்குக் குறுக்குவழி வரையச் சொன்னால், திராவா ஆற்றுப் பாலத்தை மூடிவிட்டால் என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவான். தேர்வில் எப்போதும் கடைசி.

ததேயா மகளைத் தாழ்வாரத்துக்கு அழைத்துப் போனார்.

"தீலெனை எடுத்துக்கோ. எதுலயும் முதல் மார்க். அப்படியே உன்னை மாதிரியே யோசிப்பான், சண்டையே வராது."

"யெர்னேய் வேண்டாமாம்மா?"

"நல்ல பையன்தான். ஆனா கேட்டதை விட்டுட்டு வேற எங்கயோ போயிடுவான். அவனை நம்பி ஒரு இடத்தை வீணாக்கலாமா? அங்க என்ன மாதிரி கணக்கு வரும்னுகூட யாருக்கும் தெரியாது."

நேஜா தலையாட்டிவிட்டு உள்ளே போனாள்.

யெர்னேயைத் தேர்ந்தெடுத்தாள்.