ஆறாவது ஓட்டை

சுவிட்சர்லாந்தின் எம்மென்டால் துப்பாக்கிச் சங்கத்தின் கோடைப் பதக்கம் மூன்று வருடமாக ரெகுலாவின் கையை விட்டு நழுவி வந்தது, ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு புள்ளியில். ஐந்து தோட்டாவுக்கு ஐம்பதில் நாற்பத்தைந்து வேண்டும், அவளுக்கு நாற்பத்துநாலுதான் வரும். இந்த வருடம் துப்பாக்கியை மாற்றிப் பார்ப்போமென்று சங்கத்து அலமாரியைத் திறந்தாள். ராணுவத்தின் பழைய கைத்துப்பாக்கிகள் இரண்டு இருந்தன, ஒன்று குட்டைக்குழல், மற்றது நீளக்குழல்.

"நீளக்குழல் வேணாம் ரெகுலா," என்றார் செயலாளர் வெர்னர். "நூறு வயசுக்கு மேல ஆச்சு. எடுத்தவங்கல்லாம் மறுவாரமே திருப்பிக் குடுத்துட்டாங்க."

"சுடாதா?"

"தேவைக்கு மேலயே சுடும்."

அதைத்தான் எடுத்தாள். பயிற்சிக்கு ஐந்து தோட்டா போட்டு ஐந்து முறை சுட்டாள். குறி அட்டையில் ஆறு ஓட்டைகள். ஒன்று நட்டநடுவில். பக்கத்துத் தடங்களில் யாருமே இல்லை.

வெர்னர் பேனாவை எடுத்தார். "ஓட்டை கூடுனா இருக்கறதுலயே நல்லதக் கழிக்கணும்னு விதி. பத்து போச்சு. மறுபடி நாப்பத்துநாலு!"

"பாவம், இந்தத் துப்பாக்கியோட பழைய சொந்தக்காரரு கஷ்டப்பட்டுச் சுட்டது," என்று ரெகுலா சிரித்தாள்.

போட்டியன்று அவள் நான்கே தோட்டாக்களைப் போட்டாள். ஐந்தாவதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டாள். அட்டையில் ஐந்து ஓட்டைகள்; நாற்பத்தாறு புள்ளி.

வெர்னர் குனிந்து தரையில் சிதறியிருந்த வெற்றுத் தோட்டாக் கூடுகளைப் பொறுக்கினார். "அஞ்சு. கணக்கு சரி. இன்னைக்கு வைன் உன் செலவு, மகாராணி!"

அவற்றை அவள் உள்ளங்கையில் கொட்டினார். நான்கு இன்னும் கையைச் சுட்டன. பச்சைக் களிம்பேறிய ஐந்தாவது, பனிக்கட்டியாகக் குளிர்ந்தது.