குழாய்ச் சத்தம்

என் கணவர் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தின் மறைவில் கைபேசியில் ரம்மி ஆடுவார். சம்பளம் போனது, ஸ்கூட்டர் போனது. நான் தூங்கும்போது சோப்பு தடவி வளையல்களையும் கழற்றிக்கொண்டுபோய் விற்றார். மாரடைப்பு வந்ததும் அங்கேதான். கைபேசியையும் அவரோடு சேர்த்தே எரித்தோம்.

மறு வாரம் குளியலறை உள்ளே தாழிட்டிருந்தது. குழாய் ஓடியது. குழாய் ரிப்பேர்க்காரரை வரவழைத்தேன். அவர் கதவைத் தட்டிப் பார்த்தார்.

"உள்ள ஆள் இருக்காங்கம்மா."

"ஆமாங்க, என் வீட்டுக்காரர்."

"அப்ப அவர் வந்ததும் கூப்பிடுங்க."

ரிப்பேர்க்காரர் போனபின் நான் கத்தினேன். "செத்தும் திருந்தலையா? தண்ணி வீணாப் போகுது, வெளிய வாங்க!"

"இதோ வந்துட்டேம்மா, ஒரே ஒரு ஆட்டம். இன்னிக்குக் கை நல்லாருக்கு."

அதே குரல், அதே பொய் என்று நினைத்தேன்.

சாயங்காலம் கதவு திறந்திருந்தது. உள்ளே யாருமில்லை. சோப்புத் தட்டில் என் பழைய வளையல்கள் இரண்டும் ஈரமாகக் கிடந்தன. உயிரோடு இருந்தவரை அவர் ஜெயித்து நான் பார்த்ததில்லை. அழுதுகொண்டே போட்டுக்கொண்டேன். கழற்றாமலே தூங்கினேன்.

காலையில் குழாய்ச் சத்தம் என்னை எழுப்பியது. கையில் ஒரு வளையல்தான் இருந்தது. அதுவும் சோப்பு நுரையோடு விரல்களை நோக்கி மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது.