மற்றத் தேசிக்காய்

இத்தாலியச் சந்தைத் தெருவான வுச்சீரியாவில் ஒரு காப்பிக்கடைச் சுவரில் 1956ஆம் ஆண்டுப் பந்தய மோட்டார்சைக்கிள் ஒன்றின் படம் தொங்குகிறது. மண்டரின் ஆரஞ்சுத் தோட்டத்தில் வேலை செய்யும் நிரோசன் அந்தப் படத்தை நட்டு நட்டாகப் பார்த்து, அதே மாதிரி ஒன்றை மூன்று வருடமாகக் கட்டினான். சிரிக்காத ஆளில்லை.

ஞாயிறு காலை வண்டி முடிந்தது. மனைவி சுதாஜினி முன்சில்லுக்குக் கீழே தேசிக்காய் வைத்தாள். பின்சில்லுக்கு வைக்க முதலே அவன் ஒரே உதையில் ஸ்டார்ட் பண்ணி, காயை நசித்துக்கொண்டு வண்டியை எடுத்துவிட்டான்.

"கொஞ்சம் பொறுக்கேலாதோ? மற்றது என்ரை கையிலை கிடக்கு" என்று பேசிப் பேசியே அவள் பின்னால் ஏறினாள்.

கடைவாசலில் சனம் கூடிவிட்டது. கிழட்டுக் கடைக்காரர் படத்தைக் கழற்றி வந்து வண்டியோடு ஒப்பிட்டார். பிறகு தொப்பியைக் கையில் எடுத்தார்.

"ஒரு வித்தியாசமும் இல்லை."

தெருவே கைதட்டியது. சிரித்தவர்களும் தட்டினார்கள். நிரோசனுக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

சுதாஜினி படத்தை வாங்கிப் பார்த்தாள்.

"இஞ்சை பாருங்கோ."

படத்திலும் முன்சில்லுக்குக் கீழே ஒரு தேசிக்காய் நசிந்து கிடந்தது. பின்சில்லுக்குக் கீழே ஒன்றும் இல்லை. படத்தின் ஓரத்தில் ஒரு பெண்ணின் கை மட்டும் தெரிந்தது. மற்றது அந்தக் கையில் இருந்தது.