ஏழாவது குடுவை

கிட்ட வாங்க கண்ணுகளா, பெரிய மனிதர் ஒருவரின் சின்னப் புத்தியைச் சொல்கிறேன். அவர் ஒரு பேராசிரியர்; அவரது ஆய்வகத்தில் ஒரே செல்லிலிருந்து பெருகிய செல்கள் ஏழு குடுவைகளில் இருந்தன. ஆறு குடுவைச் செல்கள் சோதனைக்கு விட்ட ஆன்டிபாடியைப் பிடித்துக்கொண்டன. ஏழாவது பிடிக்கவேயில்லை, பிடிக்கிற கொக்கி மாதிரி செல்மேல் இருக்கும் ஏற்பியே அதற்கு வேறு. ஆய்வு மாணவி பொற்கொடி நான்கு முறை சோதித்தும் அதே முடிவு. ஏழும் ஒன்றே என்ற பேராசிரியரின் கட்டுரையோ அச்சுக்குக் காத்திருந்தது.

"ஒரு வயித்துப் பிள்ளைங்க எப்படிம்மா மாறும்? உன் கைதான் சரியில்ல."

"உங்க அண்ணனும் அதே வயிறுதானே சார்? அவர் பொய்யே சொல்லமாட்டாராமே!"

மேதை ஏழாவதில் பிளீச்சிங் கரைசலை ஊற்றி, அந்தச் செல்களையே கொன்றார். பொற்கொடி கட்டுரையை இழுத்து, ஐந்தாண்டு உழைத்து அதில் இடம்பிடித்த தன் பெயரைப் பேனாவால் அடித்தாள்.

உங்கள் வீட்டில் பிள்ளைக்குப் பிள்ளை வேறாகப் பிறந்து, எல்லாரும் நன்றாயிருக்கட்டும்.