அப்பாவின் கண்

கண்ணாடி மாற்றப் போன மாரீஸ்வரிக்கு இரண்டு கண்ணிலும் நரம்பு வீங்கியிருப்பதாக டாக்டரம்மா சொன்னார். தலைக்குள் கட்டி இருந்தாலும் இப்படித் தெரியுமாம். அன்றிலிருந்து அவள் அப்பா முப்பிடாதிக்குச் சோறு இறங்கவில்லை. மகள் செருப்பு மாட்டக் குனிந்தால்கூட, "தல வலிக்காம்மா?" என்று கேட்டார். நான்காம் நாள் எடுத்த தலை ஸ்கேனில் கட்டி எதுவும் இல்லை. டாக்டரம்மா யோசித்துவிட்டு, "அப்பா, நீங்க உக்காருங்க" என்றார்.

"எனக்கு ஒண்ணுமில்லம்மா, பிள்ளையப் பாருங்க."

டாக்டரம்மா விடவில்லை. சொட்டு மருந்து விட்டு, மூச்சுப் படும் தூரத்தில் குனிந்து, முப்பிடாதியின் கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்த்தார். பிறகு இருவர் கண்ணையும் ஸ்கேன் செய்துவிட்டுச் சிரித்தார். "ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரி இருக்கு. இது வீக்கமே இல்ல. நரம்புக்குள்ள சுண்ணாம்புத் துகள் மாதிரி புதைஞ்சு கிடக்கு. பரம்பரையா வர்றது. வருசத்துக்கு ஒரு தடவ வந்து காட்டுங்க, போதும்."

மருந்தில் எல்லாம் மங்கலாகத் தெரிய, முப்பிடாதி மகளின் கையைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினார். "எங்கிட்டருந்துதான் வந்திருக்கு. மன்னிச்சிரும்மா."

"வேற என்னென்ன குடுத்திருக்கீக? இப்பவே சொல்லிருங்க" என்றாள்.

அவர் அந்தப் படியிலேயே நின்று யோசிக்க ஆரம்பித்தார்.